அறிதுயிலும் அதனைத் தொழிலாகக் கொள்ளுதலும்

கல்லூரிப் படிப்பு முடிந்தபின் எத்தொழிலை மேற்கொள்வது என்னும் வினா மாணவர் யாவரையும் வாட்டுவதே. ஆசிரியர் வேலை, வழக்கறிஞர் வேலை, அரசாங்க உத்தியோகம் என்று முன்னோர் எண்ணிய மூன்று நான்கு வாயில்களோடு இக்காலத்தில் எத்தனையோ புது வாயில்கள் திறந்துள்ளன. அவற்றுள் ஒன்று 'ஹிப்னோதெரபிஸ்டு' எனப்படும் அறிதுயில் மருத்துவர் தொழில். மனநூல் பயிலும் எம் தோழர் சிலர் இதன்மேற் கண் வைத்துள்ளனர். சினிமாவில், சங்கிலியில் தொங்கும் கடிகாரத்தை ஒருவர் ஆட்ட, எதிரிலிருப்பவர் தன்வயமிழந்து உள்ளதையெல்லாம் உளறுவதைக் கண்டு மயங்கியவரும் அவருள் உளர். உண்மையாகவே துன்புறுவார்க்கு உதவ விழைவாரும் உளர். தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவராகிய யாம் இப்பொருளைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆனால் இத்துறை முழுதும் சொல்லினால் நடப்பது. சொல்லைப் பயில்வார்க்கு இதில் ஆராய்தற்குரியது மிகுதியும் உண்டு. அன்றியும், இத்துறைக்குத் தமிழிற் பெயர் தந்து நூல் செய்தவர் எம் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே வாழ்ந்த தமிழாசிரியர் ஒருவர். அவரிலிருந்து தொடங்குவது முறையாகும்.

சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் 1898-ஆம் ஆண்டு முதல் 1911-ஆம் ஆண்டு வரை தமிழ் கற்பித்தவர் நாகை வேதாசலம் பிள்ளை. அக்கல்லூரியில் அவரோடு உடனாசிரியராயிருந்தவர் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார். கல்லூரி வேலையை விட்டபின் வேதாசலனார் பல்லாவரத்திற் குடியேறித் துறவு பூண்டு, 1916-இல் தம் பெயரைத் தூய தமிழாக்கி மறைமலையடிகள் ஆனார். தனித்தமிழ் இயக்கத் தலைவராகவும் சைவப் பேரறிஞராகவும் அவரை யாவரும் அறிவர். ஆனால் அவர் மேனாட்டு மனநூல்களையும் ஆர்வத்தோடு கற்று, 1922-இல் 'யோகநித்திரை அல்லது அறிதுயில்' என்னும் நூலை வெளியிட்டார் என்பதை அறிந்தார் சிலரே. 1935-இல் 'தொலைவிலுணர்தல்' என்னும் நூலும் அவரால் வெளிவந்தது. சமயத்தால் வேறுபட்ட எம்மனோரும் இம்முயற்சியைப் போற்றுதல் தகும். தமிழாசிரியர் ஒருவர், தம் மொழியில் இல்லாத ஓர் அறிவுத்துறையைக் கண்டு, அதற்கு உரிய சொல் தமிழில் முன்னரே உண்டென்று காட்டியது சிறு செயலன்று. அந்நூல்கள் கூறும் அனைத்தையும் இன்றைய அறிவியல் ஒப்புக்கொள்ளுமோ எனின், கொள்ளாது. தொலைவிலுள்ளதை மனத்தாலுணரலாம் என்பதற்கு உறுதியான சான்று இன்றுகாறும் கிட்டவில்லை. ஆயினும் அவர் தேர்ந்த 'அறிதுயில்' என்னுஞ் சொல் நிலைத்து நிற்கின்றது. நிற்பதற்குத் தகுதியும் உடையது.

இச்சொல் திருமாலின் துயிலைக் குறிப்பதாகப் பழைய நூல்களிற் பயின்று வருவது. உறங்குவதும் அறிவதும் ஒன்றுக்கொன்று மாறானவை. அவ்விரண்டையும் ஒருங்கே கொண்ட நிலையே அறிதுயில். இதன் பொருளை நூலால் உணர முடியாதவர் மாமல்லபுரம் சென்று கல்லால் உணரலாம். கலங்கரை விளக்கத்தருகே குன்றிற் குடைந்துள்ள மகிடாசுரமர்த்தினி குகையுள், தென்சுவரிற் பாம்பணைமேற் பள்ளிகொண்ட திருமாலின் உருவம் உளது. எதிரே வடசுவரிற் கொற்றவை மகிடனோடு பொரும் காட்சி. ஒருபுறம் பெரும்போர், மறுபுறம் பெருந்துயில். போரைப் புகழ்ந்தெழுதியோர் பலர். யாம் சென்ற ஞான்று எம் கண்ணைக் கவர்ந்தது துயிலே. காலடிப் பக்கத்தில் மதுவும் கைடபனும் தாக்க நிற்கின்றனர். பள்ளிகொண்ட மேனியிலோ பதற்றம் எள்ளளவும் இல்லை. அதனை உறக்கத்தில் விழுந்து கிடக்கும் உடல் என்று கூறுதற்கும் இல்லை. ஊர் நடுவேயுள்ள தலசயனப் பெருமாள் கோயிலிலும் பெருமாள் நிலத்தின்மேற் பள்ளிகொண்டவராகவே வழிபடப்பெறுகின்றார். கடற்கரைக் கோயிலிலும் இரு சிவன் கோயில்களுக்கிடையே பாறையிற் செதுக்கிய பள்ளிகொண்ட உருவம் உண்டு. ஒரு சிற்றூரில் இத்துயில் மூவிடத்துக் காணப்படுவது கருதத்தக்கது. நம் பொருளுக்கு வேண்டுவது இவ்வளவே: அறிவழிந்து கிடப்பது வேறு, புறத்தை மறந்து அகத்தே விழித்திருப்பது வேறு என்னும் வேறுபாட்டைத் தமிழ்நாட்டார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சொல்லாலும் கல்லாலும் குறித்து வைத்தனர்.

இனி மேனாட்டு வரலாற்றுக்கு வருவோம். வியன்னாவில் மருத்துவம் செய்து 1778-இல் பாரிசு சேர்ந்த மெஸ்மர் என்பார், காந்தம் போன்றதொரு நுண்ணிய பாய்பொருள் உலகெங்கும் பரவியுள்ளது என்றும், அது உடலிற் சீராக ஓடாமையே நோய் என்றும், தம் கையசைவால் அதனைச் சீராக்கலாம் என்றும் கூறினார். கூட்டம் கூட்டமாக மக்கள் அவரை நாடினர். 1784-இல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி இதனை ஆராயக் குழு அமைத்தார்; அமெரிக்கத் தூதராயிருந்த பெஞ்சமின் பிராங்க்ளினும் இரசாயன நூலறிஞர் லவாசியேயும் அதில் அமர்ந்தனர். அவர்கள் செய்த சோதனையொன்று எமக்கு மிக உவப்பானது. பிராங்க்ளினின் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் 'காந்தம் ஏற்றி' வைத்து, கண் கட்டிய சிறுவன் ஒருவனை ஒவ்வொரு மரத்தண்டையும் அழைத்துச் சென்றனர். அவன் காந்தம் ஏற்றாத மரத்தடியில் மயங்கி விழுந்தான்! பாய்பொருள் என ஒன்றில்லை, விளைவெல்லாம் கற்பனையின் செயல் என்று குழு முடிவு கூறிற்று. மெஸ்மரின் கொள்கை அன்றே வீழ்ந்தது. ஆனால் கற்பனை மட்டுமே ஒருவனை வீழ்த்த வல்லது என்றால், அக்கற்பனை யாது, அதனை நலத்துக்குப் பயன்படுத்தலாகாதோ என்னும் வினாவைக் குழுவினர் எழுப்பாமலே விட்டுவிட்டனர்.

அவ்வினாவை எடுத்துக்கொண்டவர் நம் நாட்டவர். கோவாவைச் சார்ந்த கண்டோலிம் என்னும் ஊரில் 1756-ஆம் ஆண்டு மே மாதத்திற் பிறந்த ஜோசே குஸ்டோடியோ த பாரியா, தந்தையோடு 1771-இல் போர்ச்சுகல் சென்று, உரோமையிற் கற்றுக் குருப்பட்டம் பெற்றார். போர்ச்சுகீசிய ஆட்சியை எதிர்த்துக் கோவாவில் 1787-இல் எழுந்த பிண்டோக்கள் சதியோடு தொடர்புடையவர் எனத் தந்தையும் மகனும் ஐயுறப்பட்டனர். மகன் பிரான்சு சேர்ந்தார். 1813-இல் பாரிசு மாநகரிற் பொதுமக்கள் முன் அறிதுயிலைச் செய்துகாட்டி விரிவுரையாற்றத் தொடங்கினார். நிறம் கறுத்த இந்தியக் குருவானவர், நாற்காலியில் அமர்ந்தவரை நோக்கிக் கண் மூடச் செய்து, சிந்தையை ஒருமுகப்படுத்தச் சொல்லி, பின் உரத்த குரலில் 'உறங்குக' என்பார், பலர் உறங்கினர். பாரிசு நகரம் முதலில் வியந்தது, பிறகு சிரித்தது. 1816-இல் அவரை எள்ளும் நாடகமொன்று அங்கே அரங்கேறியது. மதிப்பிழந்து, வறுமையுற்று, 1819 செப்டம்பர் 20-ஆம் நாள் அவர் இறந்தார். அவர் எழுதிய நூல் அவ்வாண்டே வெளிவந்தது. பிற்காலத்தில் அலெக்சாந்தர் தூமா தம் 'மாண்டி கிறிஸ்டோ பிரபு' என்னும் புதினத்திற் சிறையிலிருக்கும் கிழக்குருவுக்கு இவர் பெயரைச் சூட்டினார். பெயர் நிலைத்தது, அவர் கண்ட உண்மை நெடுநாள் மறைந்து கிடந்தது.

அவ்வுண்மை யாது? உறக்கம் உறங்குவிப்பானிடமிருந்து வருவதன்று. உறங்குவானிடமிருந்தே வருகின்றது என்பதே. காந்தமும் இல்லை, பாய்பொருளும் இல்லை. அவனுடைய ஒருமுகப்பாடும் எதிர்பார்ப்பும் இசைவுமே காரணம். தமிழ் மாணவர்க்கு இதனை ஒரு வரியில் விளக்கலாம். மெஸ்மர் இதனைப் பிறவினை என்று கருதினார்: 'துயிற்றினான்.' பாரியா தன்வினை என்று கண்டார்: 'துயின்றான்.' இலக்கண நூலார் ஓரெழுத்து வேற்றுமையாற் காட்டும் இவ்வேறுபாட்டில் இத்துறை முழுதும் அடங்கிவிட்டது என்று யாம் துணிந்து கூறுவோம். பாரியா தம் நூலில் அந்நிலைக்கு இட்ட பெயரும் 'தெளிந்த துயில்' என்னும் பொருள்படுவதே. கோவாக் குருவின் பிரெஞ்சுச் சொல்லும் பல்லாவரத்து அடிகளின் தமிழ்ச் சொல்லும் இவ்வாறு ஒன்றையொன்று தழுவி நிற்றல் இனிது. பாரியா கூறியன யாவும் சரியென்று கொள்ளற்க. குருதி நீர்த்தவர்க்கே இத்துயில் எளிதில் வரும் என்றும் அவர் எழுதினார், அது பிழை. பனாஜியில் 1945-இல் அவருக்கு நிறுவிய சிலையும் ஒரு வேடிக்கை: சாய்ந்து வீழும் பெண்ணொருத்தியின்மேற் கைகளை நீட்டி அவர் ஓங்கி நிற்கின்றார். தன்வினை என்று வாழ்நாளெல்லாம் வாதித்தவரை வெண்கலத்திற் பிறவினையாக வார்த்துவிட்டார்கள்.

மாஞ்செஸ்டர் நகரத்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு, 1841-இல் ஒரு காந்தவித்தையாளரின் காட்சியைக் கண்டு ஆராயத் தொடங்கி, 1843-இல் வெளியிட்ட நூலில், கிரேக்கரின் துயில் தெய்வமான ஹிப்னோஸின் பெயரால் 'ஹிப்னாடிசம்' என்னும் சொல்லை நிலைநாட்டினார். பிரான்சில் சார்கோவும் நான்சி நகரத்துப் பெர்னேமும் இதன் இயல்புபற்றி வாதிட்டனர். சிக்மண்ட் பிராய்டும் முதலில் இதனைக் கையாண்டு பின் கைவிட்டார். இவை மனநூல் வகுப்பார் நன்கறிந்தவை, ஆதலின் விரிக்கின்றிலம்.

விரித்துரைக்க வேண்டியது ஊக்ளியில் நிகழ்ந்தது. வங்காளத்து ஊக்ளியில் அரசாங்க மருத்துவராயிருந்த ஸ்காத்துலாந்தியர் ஜேம்ஸ் எஸ்டெய்ல், 1845 ஏப்பிரல் 4-ஆம் நாள் சிறை மருத்துவமனையில் மாதவ கௌரா என்னும் கைதிக்கு விரைவீக்கத்திற்கு மருத்துவம் செய்துகொண்டிருந்தார். அந்நாளில் மயக்க மருந்து இல்லை. அமெரிக்காவில் ஈதர் பயன்பட்டது 1846 அக்டோபரில், எடின்பரோவிற் குளோரபாரம் 1847 நவம்பரில். கைதி வலியால் துடித்தான். எஸ்டெய்ல் மெஸ்மெரிசத்தைப் படித்திருந்தாரேயன்றி யாரும் செய்யக் கண்டதில்லை. படித்ததை நினைந்து அவன் முகத்தின்மேற் கையசைத்துப் பார்த்தார். சிறிது நேரத்தில் அவன் உணர்விழந்தான். ஊசி குத்தியும் அசைந்திலன். நீதிபதியையும் கலெக்டரையும் வரவழைத்துக் காட்டினார். அதன்பின் யானைக்கால் நோயால் வளர்ந்த பெருங்கட்டிகளை அறுக்கும் கொடிய சிகிச்சைகளையும் இம்முறையாற் செய்து, 1846-இல் அவற்றைப் பற்றி நூல் எழுதினார். அரசாங்கம் குழு அமைத்து ஆராய்ந்து, அவ்வாண்டு நவம்பரிற் கல்கத்தாவில் ஒரு சிறு மருத்துவமனையை ஓராண்டுச் சோதனைக்காக அவரிடம் ஒப்புவித்தது. குளோரபாரம் வந்தபின் இம்முறை மங்கியது. எஸ்டெய்ல் 1851-இல் இந்தியாவை விட்டுச் சென்றார்.

இவ்வரலாற்றை வெற்றிக் கதையாகச் சொல்லுதலே வழக்கம். வெற்றிதான், வலியின்றி உயிர் பிழைத்தோர் பலர். எனினும் இதிற் கருதத்தக்கன வேறும் உள. கையசைத்து மணிக்கணக்கில் உழைத்தவர் எஸ்டெய்ல் மட்டுமல்லர். அவருடைய மருத்துவமனையில் வேலை பார்த்த இந்திய இளைஞர்களே அவ்வருந்தொழிலைப் பெரும்பாலும் செய்தனர். அவர்கள் பெயரைச் சொல்லுவார் இல்லை. அன்றியும், முதலில் துயின்றவன் ஒரு கைதி. 'உன்மேல் இதனைச் செய்துபார்க்கலாமா?' என்று அவனை யாரும் கேட்டதாக எஸ்டெய்லின் கதையிற் காணோம். அவன் நன்மை பெற்றான் என்பது அதற்கு விடையாகாது. இத்தொழிலை மேற்கொள்ள விரும்பும் எம் தோழர்களைச் சந்திக்குந்தோறும் இதனையே யாம் கேட்டு வருகின்றோம்: துன்புறுபவன் ஒருவன் கண்ணை மூடி உங்கள் குரலுக்குத் தன்னை ஒப்புவிக்கும்போது, அவனுடைய 'ஆம்' என்பது எவ்வளவு தெரிந்து சொன்ன 'ஆம்' என்பதை எவ்வாறு அறிவீர்கள்? ஏழைக்கும், சிறைப்பட்டவர்க்கும், மருத்துவரைக் கண்டாலே கைகட்டி நிற்கும் நம் ஊர்ப்புறத்தார்க்கும் மறுத்துக் கூறும் வழக்கம் இல்லை. கேட்டதற்கெல்லாம் தலையசைப்பர். அத்தலையசைப்பை இசைவு என்று கொள்ளுதல் எளிது.

இனி இன்றைய அறிவு கூறுவது யாது? அறிதுயில் உறக்கமன்று என்பது முதலிற் கொள்ளவேண்டியது. கவனம் ஒன்றிற் குவிந்து, ஏனைய புறநினைவுகள் பின்வாங்கி, சொல்லப்படும் குறிப்புகளுக்கு உள்ளமும் உடலும் எளிதில் இசையும் நிலை அது. எல்லார்க்கும் ஒரே அளவில் வருவதுமன்று. சிலர் மிக எளிதில் ஆழ்வர், சிலர் சிறிதும் ஆழார், பெரும்பாலார் நடுவே நிற்பர். இவ்வேறுபாட்டை அளக்க அமெரிக்காவின் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தில் 1959-இல் அளவுமுறை வகுத்தனர். துயிற்றுவானின் ஆற்றலைவிடத் துயில்வானின் இயல்பே பெரிது என்று அது காட்டிற்று. பாரியா வென்றார் என்க. 1997-இல் மாண்ட்ரியல் நகரத்து ஆராய்ச்சியாளர், சுடுநீரிற் கையிட்டவர்க்கு அறிதுயிலில் 'வலியின் கொடுமை குறைகிறது' என்று குறிப்புரைத்து மூளையைப் படம்பிடித்தனர். வலியை வருத்தமாக உணரும் பகுதியின் செயல் மாறிற்று. தொடுவுணர்ச்சியைப் பெறும் பகுதியின் செயல் அவ்வாறு மாறவில்லை. ஆகவே நோயாளி வெறுமனே நடிக்கின்றான் என்பாரும் பிழைத்தார். வலியே உடலினின்று நீங்கிற்று என்பாரும் பிழைத்தார்.

பயன்படும் இடங்களும் உள. நாட்பட்ட குடலெரிச்சல் நோய்க்கு மாஞ்செஸ்டரில் 1984-இல் நடந்த சோதனை நற்பயன் காட்டிற்று. பிற்காலத்தில் இங்கிலாந்து நாட்டு மருத்துவ வழிகாட்டியும், ஓராண்டு மருந்துண்டும் குணமாகாத அந்நோயாளிகட்கு இதனைக் கருதலாம் என்றது. தீப்புண்ணுக்குக் கட்டு மாற்றுங்கால் எழும் வலி, பல் மருத்துவரைப் பற்றிய அச்சம், சிகிச்சைக்கு முன் எழும் கலக்கம் ஆகியவற்றிலும் துணையாகின்றது. 'துணை' என்னுஞ் சொல்லை வற்புறுத்துகின்றோம். ஒரே அமர்விற் புகைப்பழக்கத்தை ஒழிப்போம் என்னும் விளம்பரங்களுக்கு உறுதியான ஆய்வு ஆதரவு இல்லை. இதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. மறந்த நினைவுகளை மீட்போம் என்றும், முற்பிறப்பைக் காட்டுவோம் என்றும் கூறுவோர் நம் நகரங்களில் உளர். அறிதுயிலில் ஒருவர் சொல்லும் 'நினைவு', கேட்பவர் கேட்ட வினாவாலேயே உருவாகிவிடலாம். நடவாதது நடந்ததாகத் தெளிவாகத் தோன்றலாம். கண் விழித்தபின் அது உண்மையென்னும் உறுதியும் வளரலாம். இல்லாத குற்றத்தைத் தந்தைமேற் சுமத்திப் பிரிந்த குடும்பங்கள் அமெரிக்காவில் உண்டு. முற்பிறப்பு உண்டா இல்லையா என்பது சமயத்தார் வழக்கு. யாம் கிறித்தவராதலின் எம் நம்பிக்கை இன்னதென்பது வெளிப்படை. ஆனால் உண்டென்று நம்பும் அன்பருங்கூட, நாற்காலியிற் கிடந்து சொல்லிய கதையை அதற்குச் சான்றாகக் கொள்ளுதல் தகாது.

தொழிலின் சட்டநிலையை இனிச் சொல்லுவோம். இங்கேதான் எம் தோழர் பலர் ஏமாறுகின்றனர். சில நாள் வகுப்பு, ஒரு பொன்னெழுத்துச் சான்றிதழ், சுவரில் மாட்ட ஒரு சட்டகம், மறுநாளே பெயர்ப்பலகை. தில்லி உயர்நீதிமன்றம் 1998-இல் இட்ட கட்டளையின்மேல், மாற்று மருத்துவ முறைகளை ஆராய இந்திய அரசாங்கம் குழு அமைத்தது. அதன் முடிவை 2003 நவம்பர் 25-ஆம் நாள் சுகாதார அமைச்சகம் வெளியிட்டது. அதன்படி அறிதுயில் தனியொரு மருத்துவ முறையன்று. அக்குபஞ்சரைப் போல ஒரு சிகிச்சை வகை மட்டுமே. பதிவு பெற்ற மருத்துவரோ தக்க பயிற்சி பெற்றவரோ அதனைக் கையாளலாம். ஏற்கப்படாத முறைகளிற் பட்டப்படிப்பு நடத்துவதோ, 'டாக்டர்' என்னும் சொல்லைப் பெயர்முன் இட்டுக்கொள்வதோ கூடாது. ஆகவே அறிதுயில் கற்றவன் அதனாலேயே மருத்துவனாகான்; உளியைக் கையிற் பிடித்தவன் எல்லாம் சிற்பியாகாமை போல. மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசினர் சிற்பக் கல்லூரி நடந்து வருவதே இதற்குச் சான்று.

முறையான வழி நீண்டது. மருத்துவம் கற்று மனநோய் மருத்துவத்தில் மேற்பட்டம் பெறுதல் ஒன்று. செங்கற்பட்டிலேயே 1965 முதல் அரசினர் மருத்துவக் கல்லூரி உண்டு. மனநூலில் எம்.ஏ. பட்டம் பெற்றபின் மருத்துவ உளவியலிற் பயிற்சி பெறுதல் மற்றொன்று. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், இந்தியப் புனர்வாழ்வுக் கழகத்தின் ஒப்புதல் பெற்ற கல்வியுடையாரையே மருத்துவ உளவியலார் எனக் கொள்கின்றது. அது குறிக்கும் எம்.பில். பயிற்சி மேற்பார்வையின்கீழ் நோயாளிகளோடு பழகும் இரண்டாண்டு முழுநேரப் பயிற்சி. பாடத்திட்டங்களும் பட்டப் பெயர்களும் அவ்வப்போது மாறுவதால், சேருமுன் கழகத்தின் பட்டியலை நோக்குதல் வேண்டும். இவ்வளவும் கற்றபின்னரே அறிதுயில் ஒரு கருவியாகக் கையில் வருகின்றது. பல் மருத்துவரும் செவிலியரும் தத்தம் தொழிலுள் இதனைப் பயன்படுத்தக் கற்கலாம். அறிதுயில் ஒன்றையே கொண்டு வாழ்வு நடத்தலாம் என்று புறப்படுவார்க்கு எம் கருத்து இது: கூடாது. தலைவலி என்று வந்தவரின் மூளையிற் கட்டி இருக்கலாம். வயிற்றுவலி என்று வந்தவர்க்குப் புண் இருக்கலாம். குரல் கேட்கிறது என்று வந்தவர்க்கு அறிதுயிலால் நோய் மிகலாம். நோயை அறியாதவன் வலியை மட்டும் மறைத்தால், வாயிலிற் கூவும் காவலனின் வாயைப் பொத்தியவனாவான். இவ்வளவு நெடிய கல்விக்குப் பணமும் பொறுமையும் இல்லாத எம்மனோர் பலர் என்பதை அறிவோம். அதனாலேயே குறுக்கு வகுப்புகள் செழிக்கின்றன. இல்லாமையை யாம் எள்ளவில்லை. நோயாளியின் தலையில் அதனை ஏற்றலாகாது என்கின்றோம்.

இனி எம் துறைக்குரியது ஒன்று. அறிதுயில் மருத்துவர்க்கு வாய்ச்சொல்லே மருந்து. அச்சொல் எவ்வடிவில் அமைதல் வேண்டும்? பாரியா ஏவினார். அமெரிக்க மருத்துவர் மில்டன் எரிக்சன் (1901-1980) ஏவலைப் பெரும்பாலும் விட்டு, 'ஆகலாம்', 'ஆகக்கூடும்' என்னும் இடமளிக்கும் சொற்களைக் கையாண்டார். தமிழில் இவ்வேறுபாட்டுக்கு வினைமுற்றே வகை வகுத்துள்ளது. ஏவல் முன்னிலைக்கே உரியது, கேட்பவனைப் பணிக்கும். வியங்கோளோ மூவிடத்தும் ஐம்பாலிலும் செல்வது. பணித்தலோடு வாழ்த்தலும் வேண்டலும் அதற்குப் பொருளாகும். 'கண்ணை மூடு' என்பதற்கும் 'கண்கள் மூடுக' என்பதற்கும் இடையே உள்ள தொலைவு மிகப் பெரிது. பின்னதில் ஏவப்படுவார் யாருமிலர். கண்கள் தாமே மூட, கேட்பவர் அருகிருந்து காண்பார் போல ஆகின்றார். பேச்சு வழக்கில் வியங்கோள் அருகிவிட்டமையால் 'மூடினால் மூடட்டும்' என்பது அதன் இடத்தைப் பெற்றுள்ளது. சிகிச்சைக்கு இது மிகப் பொருந்தும் என்பது எம் துணிபு. இனித் தாலாட்டைப் பார்ப்பார், தாய் ஏவலால்தானே உறங்க வைக்கின்றாள் என்று எம்மை மடக்கலாம். உண்மை, ஆனால் ஆட்டும் தொட்டிலும் நீட்டும் இசையும் அவ்வேவலைக் கெஞ்சுதலாக மாற்றிவிடுகின்றன. பிள்ளைத்தமிழில் தாலப் பருவத்துக்குத் தனியிடம் தந்த புலவர்கள் இச்சொல்நுட்பத்தை அறிந்தவரே.

'நீ', 'நீர்', 'நீங்கள்' என்னும் விளிகளும் அவ்வாறே. கிராமத்துப் பாட்டியை இளைஞரான மருத்துவர் 'நீங்கள்' என்பதோடு 'ஆத்தா' என்று அழைத்தால் அவர் முகம் தளரும். ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞரை அவ்வாறு உறவு முறை கூறி விளித்தால் அவர் நிமிர்ந்து உட்காருவார். இவற்றை எந்த அயல்நாட்டுப் பயிற்சிநூலும் கற்பிக்காது. அந்நூல்களில் அச்சிட்டுத் தரும் வாசகங்களை அப்படியே மொழிபெயர்த்துப் படிப்போர் உளர். அவற்றுள் மிகப் பரவியது கடற்கரைக் காட்சி: 'வெண்மணலிற் கிடக்கின்றீர்கள், அலை மெல்ல வந்து காலைத் தொடுகின்றது, அலையின் ஒலியிற் கவலையெல்லாம் கரைகின்றது' என்பது அதன் சாரம். இலண்டனில் இருப்பார்க்கு அது விடுமுறை நினைவு. மாமல்லபுரத்திலிருந்து கோவளம் வரை நீளும் மீனவர் குப்பங்களிலோ, 2004 டிசம்பர் 26-ஆம் நாட் காலை அலை எவ்வாறு வந்து காலைத் தொட்டது என்பதை நேரிற் கண்டோர் இன்றும் வாழ்கின்றனர். உறக்கம் வரவில்லை என்று வந்த ஒரு தாய்க்கு அக்கடற்கரை வாசகத்தைப் படித்தால் என்ன நிகழும்? அவள் எழுந்து ஓடமாட்டாள்; மருத்துவர் சொன்னதாயிற்றே என்று கண்ணை மூடியபடியே கிடப்பாள்.

அத்தகையார்க்கு வேறு இடம் தேடவேண்டும். செங்கற்பட்டு ஏரிகள் நிறைந்த நாடு. மதுராந்தகத்து ஏரிக்கரையும், வயல்நடுக் கிணற்றடியும், வேம்பின் நிழலும் உண்டு. கற்றச்சர்க்கு உளியோசையே தாலாட்டாகலாம். சிலருக்குத் தாய்வீட்டு அடுக்களையே போதும். எவ்விடம் என்பதை மருத்துவர் முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்ளல் இயலாது. நோயாளியை உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லுவதற்கு முன்னே, 'அம்மா, எங்கே இருந்தால் உங்களுக்கு மனம் அமைதியாக இருக்கும்?' என்று கேட்டு, விடை வரும்வரை காத்திருத்தல் வேண்டும்.